பழைய ஆம்ப்ளிஃபையரில் பவர் வால்வுகளை நாமே மாற்றலாமா? பயஸ் பார்ப்பது அவசியமா?

பழைய வால்வு கிட்டார் ஆம்ப்ளிஃபையரில் பவர் வால்வுகளை, அதாவது ஸ்பீக்கரை இயக்கும் சக்தியைத் தரும் கண்ணாடிக் குழாய்களை, வீட்டிலேயே மாற்றலாமா, புதியதைச் சொருகிவிட்டு அப்படியே வாசிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்றலாம். ஆனால் சொருகிய கையோடு வாசிக்கக் கூடாது. பழைய வால்வு எதனால் போனது என்று பார்க்காமல் புதியதற்குக் காசு கொடுக்கவும் கூடாது. இந்த இரண்டாவதை நான் ஒரு வால்வைப் பறிகொடுத்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

நான் இருப்பது மலேசியாவின் சுங்கை சிப்புட். ஒரு காலத்தில் சுற்றிலும் ரப்பர் தோட்டங்கள். இப்போது கண்ணுக்கு எட்டிய வரை செம்பனை. எங்கள் இசைக்குழு தோட்டத்துக் கோயில் திருவிழாக்களுக்கும் கல்யாணங்களுக்கும் வாசிக்கும். என் ஆம்ப்ளிஃபையர் சித்தப்பா விட்டுச்சென்றது: 50 வாட், இரண்டு ஈஎல்34 பவர் வால்வுகள். சில ஆண்டுகளுக்கு முன் ஆடித் திருவிழா நெருங்கிய நேரத்தில் அதன் ஒலி மெலிந்து, தாழ்ந்த சுரங்களில் கரகரத்தது. வால்வு தேய்ந்துவிட்டது என்று நானே முடிவு கட்டி, 200 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் கொடுத்து ஒரு சோடியைத் தபாலில் வரவழைத்துச் சொருகினேன்.

பத்து நிமிடம் நன்றாக இருந்தது. பிறகு பின்பக்கக் கம்பி வலைக்குள் எட்டிப் பார்த்தேன். வலப்பக்க வால்வின் சாம்பல் நிறத் தகட்டில், நடுவில் ஒரு கட்டைவிரல் அகலத்துக்குச் சிவப்பு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மேலும் கீழும் படர்ந்தது, கொல்லன் உலையிலிருந்து எடுத்த இரும்பைப் போல. தூசி கருகும் வாடை. நான் கை நீட்டுவதற்குள் ஃபியூஸ் போய்விட்டது. மறுநாள் புது ஃபியூஸ் போட்டேன்; மறுபடியும் அதே பக்கம், அதே சிவப்பு.

பக்கத்து வீட்டுப் பெரியவர் தோட்டத்து லயங்களில் வால்வு ரேடியோ பழுதுபார்த்தவர். அவரிடம் போனேன். "தம்பி, இரண்டு வால்வையும் இடம் மாற்றிப் போட்டுப் பார். சிவப்பு வால்வோடு போகிறதா, இடத்திலேயே நிற்கிறதா?" என்று மட்டும் கேட்டார். மாற்றிப் போட்டு, சிவப்பு தலைகாட்டிய உடனே அணைத்தேன். சிவப்பு இடத்திலேயே நின்றது. அப்படியானால் கோளாறு வால்வில் இல்லை, சர்க்யூட்டில். சிவப்பு வால்வோடு இடம் மாறியிருந்தால் வால்வுதான் கெட்டது என்று பொருள். செலவே இல்லாத இந்தச் சோதனையை எல்லோரும் முதலில் செய்ய வேண்டும்.

காரணம் இதுதான். வால்வுக்குள் சூடான கேத்தோடிலிருந்து எலக்ட்ரான்கள் பிளேட்டை, அதாவது அந்தச் சாம்பல் நிறத் தகட்டை, நோக்கிப் பாய்கின்றன. இடையில் இருக்கும் கிரிட்டுக்கு எதிர்மின் அழுத்தம் கொடுத்து அந்தப் பாய்ச்சலை அடக்கி வைக்கிறோம். வாய்க்கால் மடையில் பலகை இறக்குவது போலத்தான். அந்த அழுத்தத்துக்குப் பெயர்தான் பயஸ். அது குறைந்தால் பாய்ச்சல் கட்டுமீறி பிளேட் பழுக்கிறது. அளவுக்கு மேல் இருந்தால் வால்வு நீடித்து உழைக்கும். ஆனால் ஒலி உயிரற்றுப் போய், மெதுவாக வாசிக்கும்போது கரகரக்கும்.

வால்வுகளைக் கழற்றிவிட்டு, ஆம்ப்ளிஃபையரை இயக்கி, பெரியவரும் நானும் இரண்டு சாக்கெட்டிலும் 5ஆம் காலை, அதாவது கிரிட்டின் காலை, அளந்தோம். இடப்பக்கம் மைனஸ் 41 வோல்ட், வலப்பக்கம் மைனஸ் 22. முந்தைய பகுதியின் உயர் மின்னழுத்தத்தைத் தடுத்து ஒலியை மட்டும் கிரிட்டுக்கு விட வேண்டிய மின்தேக்கி கசிந்துகொண்டிருந்தது. சில வெள்ளிகூடப் பெறாத பொருள். அதே 0.022 மைக்ரோஃபாராட் அளவில், 630 வோல்ட் தாங்கும் ஒன்றை கோலாலம்பூர் ஜாலான் பாசாரில் வாங்கி வந்து மாற்றினேன். பயஸ் பகுதியின் எலக்ட்ரோலிடிக் மின்தேக்கியும் அடிப்பகுதி உப்பி, பழுப்பு நிறத்தில் பிசின் கக்கியிருந்தது. அது முழுதாகச் செத்தால் இரண்டு வால்வும் சேர்ந்தே சிவக்கும். எனவே அதையும் மாற்றினேன். நம் ஊர்ச் சூட்டில் பழைய பெட்டி எதுவானாலும் இதை முதலில் பாருங்கள்.

இனி எச்சரிக்கை. இதைத் தயவுசெய்து வேகமாகக் கடந்து போகாதீர்கள். உள்ளே 450 வோல்ட் அளவுக்கு இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய மின்தேக்கிகள் அதைப் பிடித்து வைத்திருக்கும். ஆளைக் கொல்ல அது போதும். 10 கிலோ ஓம், 5 வாட் மின்தடை ஒன்றின் ஒரு முனையைச் சேசிஸோடு (உள்ளிருக்கும் உலோகச் சட்டம்) கவ்வி, மறு முனையை மின்தேக்கியின் நேர்முனையில் சில நொடி வைத்து இறக்குங்கள். பிறகு மீட்டரால் அளந்து உறுதி செய்யுங்கள். மின்சாரம் ஓடும்போது அளக்க நேர்ந்தால், கறுப்புக் கம்பியைச் சேசிஸில் கவ்விவிட்டு, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் நிற்காதீர்கள். வால்வு போட்டபின் ஸ்பீக்கர் இணைக்காமல் ஒருபோதும் இயக்காதீர்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிடும். மல்டிமீட்டர் பிடித்துப் பழக்கமில்லை என்றால் இந்த இடத்தில் நிறுத்திவிட்டுத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

பின்னால் இருக்கும் மின்னழுத்தத் தேர்வுக் குமிழையும் பாருங்கள். நம் நாட்டில் 2008 முதல் மின்னழுத்தம் பெயரளவில் 230 வோல்ட். 10 விழுக்காடு வரை கூடலாம். என் வீட்டில் மாலையில் 243 காட்டியது. சித்தப்பாவின் பெட்டியோ 220இல் கிடந்தது! கேத்தோடைச் சூடாக்கும், 6.3 வோல்ட் இருக்க வேண்டிய ஹீட்டருக்கு ஏறத்தாழ 7 போய்க்கொண்டிருந்திருக்கிறது. 240க்குத் திருப்பினேன்.

இப்போது பயஸ். ஒவ்வொரு வால்வின் கேத்தோடுக்கும் சேசிஸுக்கும் நடுவில் 1 ஓம் மின்தடை ஒன்றைப் பற்றவையுங்கள். ஈஎல்34இல் அது 8ஆம் கால். 1ஆம் காலும் அதோடு சேர்ந்திருக்க வேண்டும். அந்த மின்தடையின் குறுக்கே 1 மில்லிவோல்ட் தெரிந்தால் 1 மில்லியம்பியர் ஓடுகிறது என்று பொருள். பயஸைக் கூட்டிக் குறைக்கும் திருகை எதிர்மின் அழுத்தம் மிக அதிகமாக இருக்கும் பக்கத்தில் வைத்துவிட்டு இயக்குங்கள். 3ஆம் காலில் பிளேட் வோல்ட்டை அளந்துகொள்ளுங்கள்.

ஈஎல்34இன் பிளேட் தாங்கும் உச்சம் 25 வாட். அதில் 70 விழுக்காடு, அதாவது 17.5 வாட், பலரும் வைக்கும் மேல் எல்லை. என் பிளேட்டில் 455 வோல்ட். 17.5ஐ 455ஆல் வகுத்தால் 38 மில்லியம்பியர் சொச்சம். கேத்தோடில் அளக்கும்போது, வால்வுக்குள் இருக்கும் இன்னொரு கிரிட்டான ஸ்கிரீன் கிரிட்டின் நான்கைந்து மில்லியம்பியரும் அதில் சேர்ந்து வரும். நான் கேத்தோடில் 38 காட்டும்படி நிறுத்தினேன். பிளேட்டுக்கு மட்டும் பார்த்தால் 61 விழுக்காடு அளவு, எல்லைக்குக் கீழேதான். இந்த வெக்கையில் திறந்தவெளிப் பந்தலில் மூன்று மணி நேரம் வாசிக்கிற பெட்டிக்கு இதற்கு மேல் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. காதுக்கும் எந்தக் குறையும் தெரியவில்லை.

திருகைத் திருப்பும்போது பிளேட் வோல்ட் இறங்கும் அல்லது ஏறும். எனவே ஒருமுறை அளந்து ஓய்ந்துவிடாதீர்கள். 20 நிமிடம் சூடாக விட்டு, இரண்டையும் மறுபடி அளந்து, மறுபடி கணக்குப் போடுங்கள். பிறகு விளக்கை அணைத்துவிட்டுத் தகடுகளைப் பாருங்கள். ஹீட்டரின் செம்மஞ்சள் ஒளி இயல்பு. கண்ணாடிச் சுவரில் மங்கிய நீலமும் இயல்பு. தகடு சிவப்பது மட்டும் ஆகாது. வால்வின் உச்சியில் வெள்ளிப் பூச்சு பால்போல வெளுத்திருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது. அதைப் போடவே வேண்டாம்.

கேத்தோடு பயஸ் முறையில் செய்த பெட்டிகளும் உண்டு. அவற்றில் கேத்தோடுக்குக் கீழே பெரிய மின்தடை இருக்கும், திருகு இருக்காது. அவையும் வால்வு மாற்றியபின் அளக்கப்பட வேண்டியவையே. ஈஎல்34 இருந்த இடத்தில் 6எல்6 என்ற வேறு வகை பவர் வால்வைப் போடலாமா என்றால், பயஸை மறுபடி வைக்காமல் கூடாது.

உங்கள் பெட்டியில் இருக்கும் வால்வின் எண், பிளேட் வோல்ட், வால்வு இல்லாமல் 5ஆம் காலில் இரு பக்கமும் வரும் அளவு, இந்த மூன்றையும் கருத்துரையில் எழுதுங்கள். எவ்வளவில் நிறுத்தலாம் என்று கணக்கிட்டுச் சொல்கிறேன். அதுவரை புது வால்வு வாங்காதீர்கள்.