டிசம்பர் நெரிசலில் ஆண்டு இலக்கைக் கைவிடாதிருக்க

கேள்வி: மொரிஷியஸின் ரோஸ்ஹிலில் ஆறு பேரை வைத்துத் தையற்கூடம் நடத்துகிறேன். ஆண்டு முடிவதற்குள் மூன்று ஹோட்டல்களை நிலையான வாடிக்கையாளராக்குவது என்று ஜனவரியில் தீர்மானித்தேன், ஒன்றுதான் அமைந்தது. நவம்பர் பிறந்ததும் புத்தாண்டுத் திரைச்சீலை, குஷன் உறை ஆர்டர்கள் குவிந்துவிடுவதால் மற்றதை நினைக்கவே நேரமில்லை. கவனம் சிதறாதிருக்க என்ன செய்வது?

பதில்: ஆண்டிறுதியில் கவனம் சிதறுகிறது என்று சொல்லி வருகிறவர்களின் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்த்தால், போனஸ் பணத்தை எங்கிருந்து எடுப்பது என்ற கவலைதான் பெரும்பாலும் அடியில் கிடக்கிறது. முதலில் அதைத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

பதின்மூன்றாம் மாதப் போனஸ் என்பது தொழிலாளியின் ஆண்டுச் சம்பாத்தியத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அதில் 75 விழுக்காட்டை டிசம்பர் 25க்கு ஐந்து வேலைநாட்களுக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். மீதியை ஆண்டின் கடைசி வேலைநாளுக்குள் கொடுக்க வேண்டும். ஆளுக்கு மாதம் ரூ. 20,000 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் ரூ. 120,000, அதில் ரூ. 90,000 மூன்றாம் வாரத்திலேயே கையில் இருந்தாக வேண்டும். வாடிக்கையாளரோ கிறிஸ்துமஸுக்கு முதல்நாள் மாலை திரைச்சீலையை மடித்து எடுத்துக்கொண்டு, பாக்கியை அடுத்த மாதம் தருவதாகச் சொல்லிப் போவார். முதலாளி என்றாலே பெரிய ஆலைக்காரர்தான் என்று எண்ணி வகுத்த விதி போலிருக்கிறது. ஆகவே நவம்பரிலிருந்தே பாதிப் பணத்தை முன்பணமாக வாங்காமல் துணியை வெட்டாதீர்கள். அதில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள்.

நடுவில் விலகியவர்களுக்குப் போனஸ் உண்டா என்று எல்லாரும் கேட்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். அவ்வாண்டில் தொடர்ந்து எட்டு மாதமாவது உங்களிடம் வேலை செய்து, பிறகு தாமாகவே விலகியவருக்கு, அவர் சம்பாதித்த தொகையில் பன்னிரண்டில் ஒரு பங்கு உண்டு. ஆறு மாதத்தில் தாமாக விலகியவர் அதைக் கேட்க முடியாது. ஆனால் நீங்களே ஒருவரை நிறுத்தியிருந்தால் இந்த எட்டு மாதக் கணக்கு பொருந்தாது, அவருக்கும் கொடுத்தாக வேண்டும். ‘அவளாகத்தான் போனாள்’ என்று வாயால் சொல்லிப் பயனில்லை. விலகல் கடிதம் கோப்பில் இருக்கட்டும்.

பணமுடை இருப்பது தெரிந்ததும் இரண்டு வகை மனிதர்கள் உங்கள் கதவைத் தட்டுவார்கள். சிறுதொழில் கடனைத் தமக்குத் தெரிந்த அதிகாரி மூலம் முடித்துத் தருவதாகச் சொல்லிக் கமிஷன் கேட்பவர் ஒருவர். நீங்களே நேரில் கொடுக்கக்கூடிய விண்ணப்பத்தைத்தான் அவரும் கொடுப்பார்; அடையாள அட்டை நகலையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் எக்காரணம் கொண்டும் அவரிடம் விட்டுவைக்காதீர்கள். ஒரே தாளை மூன்று மேசைகளில் மூன்று முறை கேட்கும் அலுவலக முறை இருக்கும்வரை இவர்களுக்குப் பிழைப்பும் இருக்கத்தான் செய்யும். மற்றவர், துணியை இப்போதே எடுங்கள், ஜனவரித் தேதியிட்ட காசோலை போதும் என்று சொல்லும் மொத்த வியாபாரி. பள்ளி திறக்கும் ஜனவரியில் சீருடை தவிர வேறெதற்கும் மக்கள் பணம் எடுக்க மாட்டார்கள். அந்தக் காசோலை திரும்பி வந்தால் உங்கள் பெயர்தான் கெடும். காட்ர் போர்ன் துணிச் சந்தையில் தேவைக்கு மட்டும் ரொக்கத்திற்கு வாங்குங்கள்.

இனி ஹோட்டல் விஷயம். டிசம்பரில் அறைகள் நிரம்பி வழியும்போது கொள்முதல் அதிகாரி உங்களைச் சந்திக்க மாட்டார். சந்தித்தாலும் மனம் அதில் இராது. புதுப்பிப்பு வேலைகளைப் பெரும்பாலான ஹோட்டல்கள் கூட்டம் குறையும் ஜூன், ஜூலை போன்ற நம் குளிர்மாதங்களில்தான் வைத்துக்கொள்கின்றன. எனவே உங்கள் விலைப்பட்டியல் பிப்ரவரிக்குள் அவர்கள் மேசைக்குப் போனால் போதும். அரசின் நிதியாண்டே ஜூன் 30இல் முடியும்போது, உங்கள் இலக்கு மட்டும் டிசம்பர் 31இல் முடிந்தாக வேண்டுமா? டிசம்பர் பத்தாம் தேதிக்குள் இரண்டு ஹோட்டல்களுக்கும் ஒவ்வொரு குஷன் உறையை மாதிரியாகக் கொடுத்து, ஜனவரி இறுதியில் சந்திக்க ஒரு தேதியை வாங்கி வாருங்கள். உறையில் இணைக்கும் சீட்டில் விலையோடு, வாரத்திற்கு எத்தனை உறைகள் தர முடியும் என்பதையும் எழுதுங்கள். ஆறு பேரால் எத்தனை முடியும் என்பதை இந்த டிசம்பர் ஆர்டர் புத்தகத்தை எண்ணினாலே தெரிந்துவிடும்.