இணையக் குழுக்களில் நல்ல விவாதம் நடக்கும்படி பதிவு எழுதுவது எப்படி?

இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா கடந்து போக மனம் வரவில்லை. உங்களுக்கு என்ன நடந்திருக்கும் என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. மெனக்கெட்டு ஒரு பதிவு போட்டிருப்பீர்கள். நாலு பேர் கட்டைவிரலைக் காட்டியிருப்பார்கள், ஒருவர் "சூப்பர்" என்றிருப்பார், அதோடு அடங்கியிருக்கும். இல்லையென்றால் சம்பந்தமில்லாத சண்டையாகி, அட்மின் வந்து கமெண்ட்டைப் பூட்டியிருப்பார். நான் இரண்டையும் பட்டவள். ஃபேஸ்புக்கில் ஒரு மாடித்தோட்டக் குழுவில் பட்டது. செடிகொடி பேசுகிற இடமும் மற்ற இடமும் ஒன்றா என்று சிலர் கேட்பார்கள். ஒன்று இல்லைதான். எனக்குத் தெரிந்த இடத்தை வைத்துத்தானே நான் சொல்ல முடியும்.

2020 ஊரடங்கு சமயம். உறையூரில் எங்கள் மொட்டை மாடியில் 14 பைகளில் முண்டு மிளகாய் வைத்திருந்தேன். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியதே, அந்த ராமநாதபுரம் முண்டு. விதை என் மாமியார் பரமக்குடியில் இருந்து பொங்கலுக்கு வந்தபோது துணியில் முடிந்து கொண்டு வந்தது. ஏப்ரலில் விதைத்து, வெயிலுக்குப் பழைய சேலையைப் பந்தல் கட்டிக் காப்பாற்றி வளர்த்தேன். ஜூன் மூன்றாம் வாரம், பூ எடுக்கிற நேரம் பார்த்துக் கொழுந்தெல்லாம் சுருண்டது. பதறிப்போய் போனில் ஒரு படம் எடுத்து, "மிளகாய் இலை சுருண்டு போகுது, என்ன செய்யலாம்? ஹெல்ப் ப்ளீஸ்" என்று போட்டேன்.

ஒரு மணி நேரத்தில் நாற்பது பதிலுக்கு மேல் வந்தது. புளித்த மோர் தெளியுங்கள். இஞ்சி பூண்டுக் கரைசல். வேப்பெண்ணெய். மீன் அமிலம். சாம்பல் தூவுங்கள். வைரஸ், பிடுங்கிப் போடுங்கள். ஒருவர் உரக்கடை மருந்து ஒன்றின் பெயரைச் சொல்ல, பத்துப் பேர் அவர் மேல் பாய்ந்தார்கள். அதற்கு அப்புறம் என் மிளகாயைப் பற்றி யாரும் பேசவில்லை. இயற்கையா ரசாயனமா என்று ராத்திரி வரை ஓடியது. அவர்கள் சொன்னதில் மூன்றை அடுத்தடுத்துச் செய்தேன். ஒன்று வேலை செய்கிறதா என்று பார்க்கக்கூடப் பொறுக்காமல் அடுத்ததை அடித்தேன். பத்து நாளில் ஐந்து செடி கருகிப் போனது.

அவர்கள் மேல்தான் முதலில் கோபம் வந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள், அவர்கள் கையில் நான் என்ன கொடுத்தேன்? மங்கலான ஒரு படமும் ஒற்றை வரியும். மிளகாய் இலை சுருள்வதற்கு நாலைந்து காரணம் உண்டு. ஆளாளுக்குத் தன் வீட்டுச் செடிக்கு வந்ததை நினைத்துக்கொண்டு பதில் சொன்னார்கள்.

அந்த நாற்பது பதிலுக்குள் ஒரே ஒரு கேள்வி புதைந்து கிடந்தது. ஒட்டன்சத்திரம் பக்கத்து விவசாயி ஒருவர் கேட்டது: "அம்மா, இலை ஓரம் மேல் பார்த்துச் சுருளுதா, கீழ் பார்த்துச் சுருளுதா?" ஒன்பது நாள் கழித்துத்தான் என் கண்ணில் பட்டது. உடனே மாடிக்கு ஓடினேன். மேலே சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன் என்கிற சாறு உறிஞ்சும் பூச்சி. கீழே கவிழ்ந்து காம்பும் நீண்டால் சிலந்தி; வீட்டில் வலை கட்டுகிற சிலந்தி இல்லை, கண்ணுக்கு எளிதில் தெரியாத சிற்றுயிர் (mite). இரண்டுக்கும் மருந்து வேறு. நான் அதுவரை இலையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்று ராத்திரி உட்கார்ந்து இரண்டாவது பதிவை எழுதினேன். அப்படியே தருகிறேன்:

"ராமநாதபுரம் முண்டு, விதைத்து 75 நாள். பையில் செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம். கொழுந்து இலை கீழ்ப்பக்கமாகக் கவிழ்ந்திருக்கிறது, காம்பு நீண்டிருக்கிறது. கொழுந்துக்கு அடியில் வெள்ளைத்தாள் பிடித்துத் தட்டினேன், பூச்சி எதுவும் விழுந்து ஓடவில்லை, அதனால் இலைப்பேன் இல்லை. தெளித்தது: ஜூன் 22 மோர், 25 இஞ்சி பூண்டுக் கரைசல், 29 வேப்பெண்ணெய். சிலந்தி என்று நினைக்கிறேன். நாளைக்கு நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து தெளிக்கிற கந்தகத் தூள்) அடிக்கலாம் என்றிருக்கிறேன். மிளகாயில் சிலந்தியைக் கட்டுப்படுத்தியவர்கள், நான் நினைப்பது தப்பென்றால் சொல்லுங்கள்."

ஏழே பதில். ஆனால் அந்த ஏழும் என் செடியைப் பற்றி. முதலில் வந்தவர் அதே ஒட்டன்சத்திரத்துக்காரர். "29-ம் தேதி எண்ணெய் அடிச்சிருக்கீங்க. எண்ணெய் பட்ட இலையில் பதினைந்து நாளாவது போகாமல் கந்தகம் அடிச்சா கருகிடும், பொறுங்க அம்மா." தேதி எழுதாமல் விட்டிருந்தால் மிச்சம் ஒன்பது செடியையும் நானே கொன்றிருப்பேன். இன்னொருவர் வெயிலில் அடிக்க வேண்டாம், பொழுது சாய்ந்து அடியுங்கள் என்றார். ஒரு தம்பி மட்டும் இது சிலந்தி இல்லை, வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் வைரஸ் என்று ஒற்றைக்காலில் நின்றார். முன்பென்றால் நான் சண்டைக்குப் போயிருப்பேன். "எதை வைத்துச் சொல்கிறீர்கள் தம்பி?" என்று கேட்டேன். இலை சிறுத்து, நரம்புக்கு நடுவே மஞ்சள் பாய்ந்திருக்கிறதா பாருங்கள், மஞ்சள் ஒட்டுப்பொறி ஒன்று கட்டிவிட்டு ஈ விழுகிறதா பாருங்கள் என்றார். கட்டினேன், விழுந்தது. ஓரத்தில் இருந்த இரண்டு செடியில் அவர் சொன்ன அடையாளம் அப்படியே இருந்தது. அவற்றைப் பிடுங்கினேன். மற்ற ஏழுக்கும் ஜூலை 14 சாயங்காலம் கந்தகம் அடித்தேன்.

ஆகஸ்ட் முதல் வாரம் படத்தோடு மூன்றாவது பதிவு போட்டேன். ஏழில் ஆறு நேரான கொழுந்து விட்டது, ஒன்று தேறவில்லை, பிடுங்கிய இரண்டைப் பற்றி அந்தத் தம்பி சொன்னது சரி, எல்லாம் எழுதினேன். அந்தக் குழுவில் நான் பார்த்ததிலேயே நல்ல பேச்சு அதற்குக் கீழேதான் நடந்தது. கந்தகம் அடித்துக் கருகவிட்டவர்கள் தேதியோடு வந்து சொன்னார்கள். முதல் நாள் பாய்ந்த பத்துப் பேரில் இருவர் வந்து அளவு கேட்டார்கள்.

இதைத்தான் உங்களிடம் அழுத்திச் சொல்ல வருகிறேன். கேள்வியைத் தெளிவாகக் கேளுங்கள் என்று எல்லாரும் சொல்லிவிடுவார்கள். திரும்பி வந்து முடிவைச் சொல்பவர்கள்தான் குறைவு. தனக்காக யோசித்துப் பதில் எழுதியவருக்கு அது என்ன ஆனது என்று தெரியவே தெரியாது. இப்படி இரண்டு மூன்று தடவை ஆனால் விவரம் தெரிந்தவர் வாயைத் திறக்கமாட்டார். அப்புறம் மிஞ்சுவது "சூப்பர்"தான். அதேபோல் உங்கள் கணிப்பையும் எழுதுங்கள், தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. "என்ன செய்யலாம்?" என்றால் ஆளுக்கொன்று சொல்வார்கள், "இதைச் செய்யப்போகிறேன்" என்றால் தெரிந்தவர் ஓடி வந்து தடுப்பார்.

இயற்கை விவசாய அன்பர்கள் கோபிக்க வேண்டாம். கந்தகம் இயற்கை முறையிலும் அனுமதிக்கப்படுவதுதான், பாக்கெட்டில் போட்ட அளவுக்கு மேல் நான் போகவில்லை. மருந்துச் சீட்டாகவும் இதை எடுக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் உழவர் அழைப்பு மையம் 1800-180-1551, தமிழிலேயே பேசலாம்.

நல்ல பதிவுக்கு எல்லா இடத்திலும் மரியாதை கிடைக்கும் என்றும் நான் சொல்லமாட்டேன். மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். வெயில் தாங்கும், ஐந்து வருஷம் வரும் என்று சொல்லி ஒரு கடையில் 40 க்ரோ பேக் விற்றார்கள். இரண்டாவது கோடையிலேயே தையல் விட்டு மண் கொட்டியது. வாங்கிய தேதி, விலை, கிழிந்த பையின் படம் எல்லாம் வைத்து, கடைப் பெயரைக்கூடச் சொல்லாமல், "உங்கள் பை எத்தனை வருஷம் வந்தது?" என்று இன்னொரு குழுவில் கேட்டேன். பதினெட்டுப் பேர் தங்கள் கணக்கைச் சொல்லியிருந்தார்கள். காலையில் பார்த்தால் பதிவே இல்லை. பை விற்பவர் அங்கே அட்மினுக்கு வேண்டியவராம். பதினெட்டுப் பேர் சொன்னதும் போச்சு. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. உங்கள் பதிவு எடுபடாமல் போனதற்குக் காரணம் எப்போதும் உங்கள் எழுத்தாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, அதற்காகச் சொன்னேன்.

அந்தப் பழைய குழுவில் போன வருஷம் சிவகங்கைப் பெண் ஒருத்தி என் 2020 பதிவைத் தேடி எடுத்து, கீழே எழுதியிருந்தாள்: "அக்கா, நான் போன சனிக்கிழமைதான் வேப்பெண்ணெய் அடிச்சேன். அப்போ இன்னும் எட்டு நாள் பொறுக்கணும், இல்லையா?" ஆமாம் என்றேன். மூன்று வாரம் கழித்து, நேரான கொழுந்தின் படத்தைப் போட்டிருந்தாள். ஒட்டன்சத்திரத்துக்காரர் எனக்கு முன்னாலேயே பார்த்துவிட்டு, "காம்பு குட்டையாயிடுச்சும்மா, இனி பயமில்லை" என்று எழுதியிருந்தார்.