கத்தியை மறுபடி கீழே இறக்கச் சொல்கிறார்கள், இது சிகிச்சையா?

கேள்வி: எனக்கு 31 வயது, மகனுக்கு 3. ஒரு வருடமாக, கத்தி கண்ணில் பட்டாலே அவனைக் குத்திவிடுவேனோ என்று ஒரு நினைப்பு சட்டென்று வந்து உடம்பெல்லாம் பதறுகிறது. கத்திகளை எல்லாம் பரணில் ஏற்றிவிட்டேன், காய் நறுக்குவது கணவர்தான். மனநல மருத்துவர் இது ஓசிடி (வேண்டாத நினைப்பு திரும்பத் திரும்ப வந்து, அதைப் போக்க ஏதாவது செய்யவைக்கும் நோய்) என்று சொல்லி மாத்திரை கொடுத்து, உளவியலாளர் ஒருவரிடமும் அனுப்பினார். அவரோ கத்தியைக் கீழே இறக்கி, படிப்படியாக மகன் பக்கத்தில் இருக்கும்போதே பயன்படுத்திப் பழக வேண்டும் என்கிறார். கேட்டதிலிருந்து தூக்கமே இல்லை. இது சிகிச்சையா, விஷப்பரீட்சையா? பயிற்சிக்கு முன்னால் பதற்றம் குறைய ஒரு மாத்திரை போட்டுக்கொள்ளலாமா? நிச்சயமாக ஒன்றும் ஆகாதுதானே டாக்டர்?

பதில்: சிகிச்சைதான். ஓசிடிக்கு மாத்திரை இல்லாத சிகிச்சை என்று பேச்செடுத்தால் முதலில் சொல்வது இதைத்தான். எக்ஸ்போஷர் அண்ட் ரெஸ்பான்ஸ் பிரிவென்ஷன் என்று நீளமான பெயர், நாங்கள் ஈஆர்பி என்போம். பெயரிலேயே இரண்டு பாதி இருக்கிறது. எதற்குப் பயப்படுகிறோமோ அதன் முன்னால் போய் நிற்பது ஒரு பாதி. நின்ற பிறகு, பயத்தைப் போக்க வழக்கமாகச் செய்யும் காரியத்தைச் செய்யாமல் இருப்பது இன்னொரு பாதி. முதல் பாதியைக் கேட்டுத்தான் உங்களுக்குத் தூக்கம் போயிருக்கிறது, ஆனால் நீங்கள் அதிகம் கவனிக்க வேண்டியது இரண்டாவதை.

அந்த 'வழக்கமாகச் செய்யும் காரியத்தை' நான் நோயாளிகளிடம் பரிகாரம் என்றே சொல்வது வழக்கம். செய்தவுடன் தோஷம் கழிந்த மாதிரி இருக்கும், கொஞ்ச நேரத்தில் அடுத்த தோஷம் வாசலில் நிற்கும். கை கழுவுகிறவருக்குக் கழுவுவது பரிகாரம், பூட்டை இழுத்துப் பார்க்கிறவருக்கு அந்த இழுப்பு பரிகாரம். உங்களுக்கு அந்தப் பரண்.

நினைப்பைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், ஒரே ஒரு தடவை. பெற்ற பிள்ளையைக் காயப்படுத்திவிடுவேனோ, மாடியிலிருந்து குதித்துவிடுவேனோ என்கிற மாதிரி அழையாத நினைப்புகள் எந்த நோயும் இல்லாதவர்களுக்கும் வருகின்றன. 1978இல் ராக்மன், டி சில்வா என்ற இரண்டு உளவியலாளர்கள் சாதாரண மனிதர்களிடம் இதைக் கேட்டுப் பார்த்தார்கள், பெரும்பாலானவர்கள் எனக்கும் வருகிறது என்றார்கள். நினைப்பை மட்டும் எழுதிக் கொடுத்து, எது நோயாளியுடையது, எது நோய் இல்லாதவருடையது என்று கேட்டால் துறை ஆட்களாலேயே சரியாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. வித்தியாசம் அதற்கு அப்புறம் நடப்பதில் இருக்கிறது. மற்றவர் 'சே, என்ன நினைப்பு இது' என்று வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார், ஓசிடி உள்ளவர் அதே நினைப்பைப் பிடித்து உட்காரவைத்து, நீ ஏன் வந்தாய், நான் அப்படிப்பட்டவளா என்று விசாரிக்கத் தொடங்குகிறார். பிள்ளை மேல் உயிரையே வைத்திருப்பவரைத்தான் பிள்ளையைப் பற்றிய நினைப்பு இப்படிப் பிடித்துக்கொள்ளும்.

கத்தி பரணுக்குப் போன அன்று உங்களுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்! ஆனால் அன்றைக்கு உங்கள் மூளை ஒரு பாடம் படித்தது. 'கத்தி மேலே போனதால்தான் இன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை' என்ற பாடம். கத்தி கீழேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்க்க அதற்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. அதனால் பயம் அப்படியே இருக்கிறது, வேலி மட்டும் வளர்கிறது. கத்தியோடு நிற்காமல் கத்தரிக்கோல், ஊசி, பிள்ளையைத் தனியாகக் குளிப்பாட்டுவது என்று உங்களுக்கும் பட்டியல் நீண்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

இந்த வைத்தியம் புதிதாக வந்த ஃபேஷன் இல்லை. 1966இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார். அதுவரை ஓசிடி என்றால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது என்றுதான் மருத்துவர்களே கைவிரித்துக்கொண்டிருந்தார்கள். ஓயாமல் கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண்ணை மருத்துவமனையில் சேர்த்து, அவர் அருவருத்த பொருட்களைத் தொடவைத்து, அறைக்கு வரும் தண்ணீரையும் நிறுத்தி, நர்ஸ்களைக் கூடவே இருக்கவைத்தார் மேயர். முன்னேற்றம் தெரிந்தது. இன்றைக்கு யாரும் குழாயை மூடுவதில்லை. பரிகாரத்தை நிறுத்துவது நோயாளி தானே எடுக்கும் முடிவாக இருக்க வேண்டும், வற்புறுத்தி நிறுத்தியது வீட்டுக்குப் போனதும் திரும்பிவிடும்.

சரி, நடைமுறையில் எப்படி இருக்கும்? நாளைக்கே யாரும் உங்கள் கையில் கத்தியைத் திணிக்கப் போவதில்லை. முதல் ஒன்றிரண்டு சந்திப்புகள் வெறும் பேச்சும் எழுத்தும்தான். எதெது எவ்வளவு பயம் தருகிறது என்று 0 முதல் 100 வரை மதிப்பெண் போடச் சொல்வார்கள். 'கத்தி' என்று தாளில் எழுதுவது உங்களுக்கு 25 ஆக இருக்கலாம், கத்தியின் படத்தைப் பார்ப்பது 35, மகன் தூங்கும்போது மூடிய டிராயரில் கத்தி இருப்பது 55, அவன் எதிரில் உட்கார்ந்திருக்க நீங்கள் ஆப்பிள் நறுக்குவது 95. நடுவாந்திரமான ஒன்றில் தொடங்குவார்கள். படம் என்றே வைத்துக்கொள்வோம், அதைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். நினைப்பு வரும், வரட்டும். நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை வியர்க்கும், 'போதும், மூடிவிடு' என்று உள்ளே ஒரு குரல் அவசரப்படுத்தும். மூடாமல் இருப்பதுதான் பயிற்சி. பதற்றம் ஏறி, ஒரு இடத்தில் நின்று, பல சமயம் தானாகவே இறங்க ஆரம்பிக்கும். சில நாள் இறங்காது, அதனால் பயிற்சி வீண் என்று அர்த்தமில்லை. அந்த நிலையிலும் உட்கார்ந்திருக்க முடிந்தது, பயந்தது நடக்கவில்லை என்பது மூளையில் பதிந்தால் போதும். பொதுவாக ஒரு சந்திப்பு ஒன்று ஒன்றரை மணி நேரம் ஆகும், மொத்தம் 12 முதல் 20 வரை தேவைப்படலாம். இடையில் வீட்டில் தினமும் செய்யக் கொடுக்கும் வேலைதான் முக்கியம். வாரம் ஒருநாள் உளவியலாளர் அறையில் மட்டும் தைரியமாக இருந்து பிரயோஜனம் இல்லை.

இதில் ஆட்கள் வழுக்குகிற இடம் ஒன்று உண்டு, அதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். என்னிடம் வந்த ஒருவர் கொடுத்த பயிற்சியை எல்லாம் ஒன்றுவிடாமல் செய்தார், நோட்டில் தேதி போட்டு மதிப்பெண் எழுதிக்கொண்டு வந்தார், ஆறு வாரமாகியும் பயம் இம்மியும் குறையவில்லை. எனக்குப் புரியவில்லை. ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார்: ஒவ்வொரு பயிற்சிக்கும் முன்னால் மனசுக்குள், 'டாக்டர் சொல்லித்தான் செய்கிறேன், ஏதாவது ஆனால் அவர் பொறுப்பு' என்று மூன்று முறை சொல்லிக்கொள்வாராம். பரிகாரம் உள்ளேயே நடந்துகொண்டிருந்திருக்கிறது! நானும் கேட்கத் தவறிவிட்டேன், தப்பு என்னுடையதும்தான். அந்த வாக்கியத்தை விட்ட பிறகுதான் பயிற்சி பலன் கொடுக்க ஆரம்பித்தது.

உங்களுக்கும் அப்படி என்னென்ன இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். மகன் பக்கத்தில் வரும்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொள்கிறீர்களா? நினைப்பு வந்ததும் அதை அழிக்க நல்ல நினைப்பு ஒன்றை வரவழைக்கிறீர்களா? 'அப்போது எனக்குள் உண்மையில் ஆசை இருந்ததா' என்று நடந்ததைத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறீர்களா? வெளியே தெரியாத பரிகாரங்கள் இவை. வெட்கப்படாமல் உளவியலாளரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள், அவருக்கு இதில் எதுவும் அதிர்ச்சியாக இருக்காது.

மாத்திரை பற்றி. மனநல மருத்துவர் தினமும் போடச் சொல்லியிருப்பது எஸ்எஸ்ஆர்ஐ (மனச்சோர்வுக்கும் ஓசிடிக்கும் தரும் ஒரு மருந்து வகை) ஆக இருந்தால் அதைத் தொடருங்கள். மனச்சோர்வுக்குத் தருவதைவிட ஓசிடிக்கு அளவு கூடுதலாகத் தேவைப்படுவது சகஜம், பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகலாம், அதற்குள் 'இது வேலைக்காகாது' என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். கர்ப்பமாக இருந்தாலோ தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தாலோ மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். பயிற்சிக்கு முன்னால் பதற்றத்தை அமுக்கும் மாத்திரை மட்டும் வேண்டாம். அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், காப்பாற்றியது மாத்திரைதான் என்று மூளை கணக்கு எழுதிக்கொள்ளும். பரண் போய் மாத்திரை வந்ததாக ஆகிவிடும். ஏற்கெனவே அந்த வகை மாத்திரையைத் தினமும் எடுத்துக்கொண்டிருந்தால் திடீரென்று விடக் கூடாது, கொடுத்தவரிடம் கேட்டுத்தான் குறைக்க வேண்டும்.

உங்கள் கணவரும் இதைப் படிக்கட்டும். காய் நறுக்கித் தருவது அன்பினால்தான், எனக்குப் புரிகிறது, ஆனால் அதுவும் பரிகாரத்தில் ஒரு பங்கு. 'நான் அப்படிச் செய்ய மாட்டேன்தானே?' என்று நீங்கள் கேட்க, 'மாட்டாய், மாட்டாய்' என்று அவர் சொல்வதும் அதே கணக்குத்தான். ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டாம், சண்டையில்தான் முடியும். நீங்கள் இருவரும் உளவியலாளரும் உட்கார்ந்து எதை முதலில் விடுவது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் நீங்கள் கேட்கும்போது அவர், 'இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை என்று பேசியிருக்கிறோமே, வா, கொஞ்ச நேரம் என் பக்கத்தில் உட்கார்' என்று சொன்னால் போதும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. நினைப்பு உங்களுக்குப் பதற்றம் தராமல் சரி என்றே தோன்ற ஆரம்பித்தாலோ, யாரோ கட்டளையிடும் குரல் கேட்டாலோ, தூக்கமே இல்லாமல் பேச்சும் நடவடிக்கையும் மாறினாலோ, செத்துப்போகலாம் என்று தோன்றினாலோ அது ஈஆர்பிக்கான நேரம் இல்லை. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள், வீட்டில் ஒருவர் கூடவே இருக்கட்டும். கத்திப் பயிற்சியை உளவியலாளர் திட்டம் போட்டுக் கொடுக்காமல், இதைப் படித்துவிட்டு நீங்களாக ஆரம்பிக்கவும் வேண்டாம்.

'நிச்சயமாக ஒன்றும் ஆகாதுதானே டாக்டர்?' என்ற உங்கள் கடைசிக் கேள்வியை நான் மறந்துவிடவில்லை. நான் உறுதிச்சீட்டு எழுதிக் கொடுத்தால் இன்று ராத்திரி நன்றாகத் தூங்குவீர்கள், நாளைக் காலையில் 'டாக்டர் என்னைப் பார்க்காமலே எழுதிவிட்டாரே' என்று ஆரம்பித்துவிடும். அதனால் வேண்டுமென்றேதான் பதில் எழுதாமல் விடுகிறேன். அடுத்த சந்திப்புக்குப் போகும்போது, பதில் கிடைக்காத அந்தக் கேள்வியையும் உங்கள் பயப் பட்டியலில் சேர்த்து, எத்தனை மதிப்பெண் என்று எழுதிக்கொண்டு போங்கள்.