எத்தனை டிகிரியில் பீர்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் நாட்டுப்புற இசைக் கலைஞர்கள் மதுக்கூடத்தில் கூடி வாசிக்கும்போது, பீர் எந்தக் குளிர்ச்சியில் இருக்க வேண்டும் என்று ஒருவரையொருவர் சீண்டிக்கொள்வார்களாமே! பீர் என்றால் ஜில்லென்று இருக்க வேண்டியதுதானே, அதில் வாதாட என்ன இருக்கிறது? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: நிறையவே இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஷெஃபீல்டு நகரில் ஒரு மதுக்கூடத்தின் மூலையில், ‘செஷன்’ என்று அவர்கள் சொல்லும் மேடையற்ற இசைக்கூட்டத்துக்குப் பக்கத்து மேசையில், ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்திருந்தேன். மரப் புல்லாங்குழல் வாசித்த அயர்லாந்துக்காரருக்கு முன்னால் கறுத்த ஸ்டவுட்டும், உள்ளூர் ஃபிடில்காரருக்கு முன்னால் செம்பழுப்பு நிற ஏலும், கிட்டார் வாசித்த செக் நாட்டு இளைஞருக்கு முன்னால் பொன்னிற லாகரும் இருந்தன. மூன்றுமே பீர் வகைகள்தான். ஃபிடில்காரர் வில்லைக் கீழே வைத்ததுதான் தாமதம், “உன் பீரை நேற்று ராத்திரியே ஊற்றி வைத்துவிட்டார்களா?” என்று கிட்டார்க்காரர் ஆரம்பித்தார். “நாக்கு மரத்துப்போகக் குடிக்கிறவனுக்கு அது பீரா தண்ணீரா என்று எப்படித் தெரியும்?” என்று ஃபிடில்காரர் உடனே திருப்பிக் கொடுத்தார். “என்னுடையது இன்னும் தெளியவே இல்லை, அதற்குள் சண்டையா?” என்றார் குழல்காரர்.

பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. மற்றவர்கள் குவளை வந்தவுடன் குடிக்கிறார்கள். இசைக் கலைஞரின் குவளையோ காத்திருக்கிறது. இரண்டு மூன்று மெட்டுகளைக் கோத்து, ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று முறை சுற்றி வாசித்து முடிக்கும் வரை இரு கைகளுக்கும் ஓய்வில்லை. அறை 20 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது 4 டிகிரியில் ஊற்றிய லாகருக்கும் அறைக்கும் இடைவெளி 16 டிகிரி. 12 டிகிரி ஏலுக்கோ அது 8 டிகிரிதான். இடைவெளி இரு மடங்கென்றால், தொடக்கத்தில் வெப்பம் ஏறும் வேகமும் ஏறத்தாழ இரு மடங்காக இருக்கும். ஆகவே, குவளை கைக்கு வரும்போது எத்தனை டிகிரி என்பதைவிட, கடைசி மெட்டு முடியும்போது எத்தனை டிகிரி என்பதே அவர்களுக்கு முக்கியமான கேள்வி என்று நான் நினைக்கிறேன்.

கேள்வி: ஆங்கிலேயர்கள் வெதுவெதுப்பான பீரைக் குடிக்கிறார்கள் என்பது உண்மையா? (திருச்சி வாசகர்)

பதில்: அது பழைய கேலி; உண்மையன்று. பீப்பாய்க்குள்ளேயே ஈஸ்ட் உயிரோடிருந்து இரண்டாம் முறை நொதிக்கும் ஏலை நிலவறையில் 11 முதல் 13 டிகிரி வரையான குளுமையில் வைத்து, மேலே உள்ள கைப்பம்பின் பிடியை இழுத்து வார்க்கிறார்கள். வெளியிலிருந்து வாயுவை அழுத்திச் செலுத்துவதில்லை. அந்த வெப்பநிலைக்குக் காரணம் உண்டு. அதிகம் குளிர்ந்தால் ஏல் கலங்கிவிடும், மணமும் எழும்பாது. அதிகம் சூடேறினால் கரைந்திருக்கும் சிறிதளவு கரியமில வாயுவும் வெளியேறி, பீர் சாரமற்றுப் போகும். திறந்த பீப்பாயை மூன்று நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும் என்பதால், இது கடைக்காரரின் கைத்திறனையும் சோதிக்கும் பானம். இந்த மரபு அழிந்துவிடக் கூடாதென்று 1971இல் தொடங்கிய ‘காம்ரா’ என்ற இயக்கம் இன்றும் செயல்பட்டு வருகிறது. நம் ஊர்க் கடையில் “கூலிங் இருக்கா?” என்று கேட்டுப் பழகிய நாவுக்கு முதல் மடக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. இரண்டாவது மடக்கில் முளைகட்டிய தானியமான மால்ட்டின் இனிப்பும், ஹாப்ஸ் பூவின் கசப்பும் தனித்தனியாகத் தெரிந்தன.

கேள்வி: அப்படியானால் லாகரை மட்டும் ஏன் குளிரவைக்கிறார்கள்? (சேலம் வாசகர்)

பதில்: லாகர் பிறந்ததே குளிரில்தான். அந்தப் பெயரே ‘சேமித்து வைத்தல்’ என்ற பொருள் தரும் ஜெர்மன் சொல்லிலிருந்து வந்தது. குளிர்ந்த குகைகளிலும் நிலவறைகளிலும் வாரக்கணக்கில் வைத்துப் பக்குவப்படுத்தினார்கள். இன்றைய செக் நாட்டில், பொகீமியாவின் பில்சன் நகரில் 1842இல் யோசப் குரோல் என்ற பவேரியர் வடித்த பொன்னிற பீர்தான் இன்றைய லாகர்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்னோடி. 1870களில் கார்ல் ஃபான் லிண்டேயின் குளிரூட்டும் இயந்திரம் மியூனிக் மதுவாலைக்கு வந்த பிறகு, கோடையிலும் தடையின்றி வடிக்க முடிந்தது. ஆனால் பில்சன் பீரை உறையும் குளிரில் கொடுப்பது அந்த ஊர் வழக்கமில்லை. சுமார் 7 டிகிரியில், அடர்ந்த ஈர நுரையோடு தருகிறார்கள். ஆகவே கிட்டார்க்காரரின் உண்மையான கோபம் ஃபிடில்காரர் மீது இல்லை, பனிக்கட்டி போல் லாகரை நீட்டும் கடைகள் மீதுதான்.

கேள்வி: ஸ்டவுட் தெளிவது என்றால் என்ன? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: டப்ளினின் கின்னஸ் மதுவாலை 1959இல் நைட்ரஜன் கலந்து வார்க்கும் முறையைக் கொண்டுவந்தது. அந்தச் சின்னஞ்சிறு குமிழிகள் அடங்கி, அடியில் கறுப்பும் மேலே வெண்ணுரையுமாகப் பிரிய ஏறத்தாழ இரண்டு நிமிடம் ஆகும். வழக்கமான குளிர்ச்சி 6 டிகிரி அளவு. குழல்காரர் கடைசி மெட்டு தொடங்கும்போதே கடைக்காரரிடம் புருவத்தை உயர்த்திக் காட்டுவார். மெட்டு முடியவும் குவளை தெளியவும் சரியாக இருக்கும். குளிர்பெட்டியில் வைக்காத புட்டி ஸ்டவுட்டை ‘பலகையிலிருந்து’ என்று கேட்டு வாங்கும் முதியவர்களும் அயர்லாந்தில் உண்டு. நம் குழல்காரரும் மனத்தளவில் ஃபிடில்காரர் கட்சிதான். “ஊதிச் சூடேற்றாமல் குழலில் சுருதி சேர்க்க மாட்டேன். பீரை மட்டும் ஏன் விறைக்க விட வேண்டும்?” என்றார். குழலுக்குள் காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுருதி ஏறத்தாழ 3 செண்ட் உயரும். நூறு செண்ட் ஓர் அரைச்சுரம்.

கேள்வி: குவளையின் குளிர்ச்சியால் வாத்தியத்துக்குக் கெடுதல் உண்டா? (காரைக்குடி வாசகர்)

பதில்: குளிர்ச்சியைவிட ஈரத்தைத்தான் அஞ்ச வேண்டும். வில்லின் குதிரைமுடியில் ஈர விரல் பட்டால் அதில் தேய்த்திருக்கும் ரோசின் என்ற பிசின் பூச்சு கெட்டு, அந்த இடத்தில் வில் தந்தியைப் பிடிக்காமல் வழுக்கும். 20 டிகிரி அறையில் ஈரப்பதம் பாதியளவு இருக்கும்போது, சுமார் 9 டிகிரிக்குக் கீழே உள்ள குவளையில்தான் நீர்த்துளி படியும். ஏல் குவளை உலர்ந்தே இருக்க, கிட்டார்க்காரர் ஒவ்வொரு மடக்குக்குப் பிறகும் விரல்களைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். ஃபிடில்காரர் தன் உலர்ந்த கையை விரித்துக் காட்டிவிட்டு, அடுத்த ‘ரீல்’ என்ற விரைவான நடன மெட்டுக்கு வில்லை எடுத்தார்.