வாசகர் கேள்வி பதில்: மாரிக்காலத்தில் துவக்கைப் பேணுவது எப்படி?

கேள்வி: பூநகரியில் உள்ள எமது வயலைக் காட்டுப்பன்றிகளிடமிருந்து காப்பதற்காக, என் பெயரில் அனுமதிப்பத்திரம் பெற்று 12 போர் (குழலின் அளவு) இரட்டைக்குழல் துவக்கு ஒன்றை வைத்திருக்கிறேன். சென்ற மாரியில் அதைச் சாக்கில் சுற்றிப் பரணில் வைத்திருந்தேன். இப்போது குழலின் வெளிப்புறத்தில் செம்புள்ளிகள் விழுந்துள்ளன. அப்பா செய்ததுபோல மண்ணெண்ணெயால் துடைத்துத் தேங்காயெண்ணெய் பூசலாமா?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: எண்ணெய் பற்றிப் பிறகு சொல்கிறேன். துப்பரவுக்காகத் துவக்கைக் கையில் எடுப்பவர் அதில் தோட்டா இல்லை என்று நம்பிவிடுவதுதான் பெரிய ஆபத்து. குழல்முனையை ஆட்கள் இல்லாத பக்கமாகப் பிடித்து, விசையில் விரல் படாமல் குழலை மடித்துத் திறந்து, இரண்டு தோட்டா அறைகளையும் கண்ணால் பார்ப்பதோடு விரலை விட்டும் தடவிப் பாருங்கள். பலகைத் தடுப்புக்கு அப்பால் ஆள் இருந்தால் அது பாதுகாப்பான பக்கம் ஆகாது. துப்பரவு செய்யும் வீட்டறையிலேயே தோட்டாக்கள் இருக்கக்கூடாது.

அடுத்து, குழலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து அடிப்புறத்திலிருந்து பாருங்கள். பரணில் பல மாதம் கிடந்த துவக்கின் குழலில் குளவி மண்கூடு கட்டியிருப்பது நம் வீடுகளில் நடக்கக்கூடியதே. அந்த அடைப்போடு சுட்டால் குழல் வெடித்து, பிடித்திருப்பவரின் கையையே சிதைக்கும். இதைவிட வஞ்சகமான அடைப்பு 20 போர் தோட்டாவால் வருவது. ஒரு றாத்தல் ஈயத்தைச் சமமான 12 உருண்டைகளாக்கினால் அவற்றில் ஒன்றின் விட்டமே 12 போர் குழலின் உள்விட்டம், அதாவது ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர், ஆகவே எண் கூடக் குழல் ஒடுங்கும். 20 போர் தோட்டா 12 போர் துவக்கின் அறையைத் தாண்டி வழுக்கிச் சென்று குழலுக்குள் சிக்கிக்கொள்ளும்; அறை வெறுமையாகத் தெரிவதால் பின்னால் இன்னொரு தோட்டாவைப் போட்டுவிடுவார்கள். 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுத்திருப்பது இதனால்தான்.

இனித் துப்பரவுக்கு வருவோம். குழல்களைக் கழற்றி, துவக்குக் கரைப்பான் தோய்த்த பித்தளைத் தூரிகையை அடிப்புறத்திலிருந்து முனையை நோக்கிச் செலுத்துங்கள். பிறகு பழைய பருத்திச் சாரத்தில் கிழித்த துண்டுகளைக் கோலில் மாட்டி, ஒன்று வெள்ளையாக வெளிவரும்வரை இழுத்து, கடைசித் துண்டு உள்ளே தங்கவில்லை என்பதை மறுபடி வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கரியில் ஈயம் இருப்பதால் காற்றோட்டமான இடத்தில் செய்து, கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவிய பின்னரே தேநீர்க் கோப்பையைத் தொடுங்கள்.

மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைக்கும். ஆனால் அது ஆவியாகிப் போன பின் இரும்புக்குக் காவல் இராது. தேங்காயெண்ணெயோ நாட்பட்டால் சிக்குப் பிடித்துப் பிசினாகி, விசையின் உட்பகுதிகளை ஒட்டவைத்துவிடும். உங்கள் அப்பாவின் காலத்தில் வேறெதுவும் கையில் கிடைத்திராது. துவக்கு எண்ணெயை, அது இல்லாவிட்டால் தையல் இயந்திர எண்ணெயை, துணியில் நான்கு சொட்டு விட்டு மெல்லிய படலமாகத் தடவினால் போதும். அதிகமானால் வழிந்து மரப்பிடிக்குள் ஊறி மரத்தை இளக்கும். செம்புள்ளிகளை எண்ணெய் தோய்த்த மிக நுண்ணிய உருக்குப்பஞ்சால் மெதுவாகத் தேயுங்கள், சாண்ட்பேப்பர் வேண்டாம். குழலின் உட்புறத்தில் குழி விழுந்திருந்தால் அனுபவமுள்ள துவக்குத் திருத்துநர் பார்க்கும்வரை சுடாதீர்கள்.

சாக்கை இன்றே எறிந்துவிடுங்கள். வாடைக்காற்றோடு வரும் ஈரத்தையும் கடலுப்பையும் அது உறிஞ்சி இரும்போடு ஒட்டவைத்திருக்கும், தோலுறையும் அப்படித்தான். பூட்டிய அலுமாரியில், தோட்டா இல்லாமல் நிறுத்தி வைத்து, மாரி முடியும்வரை இரண்டு கிழமைக்கு ஒருமுறை எடுத்துத் துடையுங்கள். வியர்த்த கை பட்ட இடத்தில் விரலடையாளத்தின் வடிவிலேயே துரு பிடிக்கும் என்பதால், துடைத்த பின் குழலை வெறுங்கையால் தொடவேண்டாம்.

கேள்வி: மழையில் நனைந்த தோட்டாக்களை வெயிலில் காயவைத்துப் பயன்படுத்தலாமா?
– அதே வாசகர்

பதில்: கூடாது. ஈரம் புகுந்த வெடிமருந்து அரைகுறையாக எரிந்தால், வெடி மந்தமாகக் கேட்டு, தோட்டாவில் மருந்துக்கும் ஈயக் குண்டுகளுக்கும் இடையே உள்ள அடைப்புத் தக்கை குழலுக்குள்ளேயே நின்றுவிடும். அடுத்த வெடிக்கு அது குளவிக்கூட்டுக்குச் சமம். விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால், குழல்முனையைத் திருப்பாமல் ஒரு நிமிடமாவது பொறுத்த பின் திறவுங்கள். நனைந்தவற்றைக் கிணற்றிலோ குப்பை எரிக்கும் கிடங்கிலோ போடாமல், பொலிஸ் நிலையத்துக்கு அறிவித்து ஒப்படையுங்கள்.