வாங்கியவர் பக்கம்: தூண்டிலும் கையுமாக

கரையில் நின்று கடல்மீன் பிடிக்கப் பழகுவதைப் பற்றிச் சென்ற முறை போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களை மேசை தாங்கவில்லை. நீளமானவற்றைக் கத்தரித்துவிட்டேன், கோபிக்க வேண்டாம்.

பேஸ்புக் விளம்பரம் பார்த்து 9,500 ரூபாய்க்குக் கம்பும் நூல் சுற்றும் ரீலுமாக முழு செட் எடுத்தேன். இரண்டாவது ஞாயிறே ரீல் இறுகிவிட்டது. விற்றவர், "கடல் தண்ணி பட்டிருக்கு, வாரண்டி இல்லை" என்கிறார். விளம்பரத்தில் இருந்ததே கடற்கரைப் படம்தான்.
— வாசகர், வெள்ளவத்தை

அந்த விளம்பரத்தை இன்றிரவே ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். நாளைக்கு இருக்காது. கடலைக் காட்டி விற்றுவிட்டுக் கடல் தண்ணீர்மேல் பழிபோடுகிறவரைச் சும்மா விடாதீர்கள். பணம் அனுப்பிய குறுஞ்செய்தி, கூரியர் துண்டு, வட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் இணைத்துப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போய்ச்சேர வேண்டும், அதனால் "பார்ப்போம்" என்று இருந்துவிடாதீர்கள். 1977 என்ற இலக்கத்தில் வழி கேட்கலாம். உங்கள்மேல் ஒரு பிழையும் இல்லை. படத்தை நம்பி நானும் ஒருகாலத்தில் வாங்கியவன்தான்.

சின்னத் தூண்டில் முள் வாங்க 1/0 கேட்டேன். வந்தது பெரிய முள். கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
— வாசகர், தெஹிவளை

இல்லை. வெறும் இலக்கமென்றால் எண் ஏற ஏற முள் சிறுக்கும். பக்கத்தில் /0 இருந்தால் எண் ஏற ஏற முள் பெருக்கும். 6 அல்லது 4 கேளுங்கள்.

தங்கூசி தடை என்கிறார்கள். என் தூண்டிலைப் பறித்துவிடுவார்களா?
— வாசகர், மட்டக்குளி

தங்கூசி என்பது ஒற்றை இழை நைலோன். தடை அதில் பின்னிய வலைக்கு. உங்கள் தூண்டில் நூலுக்கு அல்ல.

புறக்கோட்டையில் 5 பெயாரிங் ரீல் ஒரு விலை, "12+1" என்று எழுதியது இரண்டு மடங்கு விலை. எது நல்லது?
— வாசகர், கொட்டாஞ்சேனை

என் பழைய புண்ணில் கை வைத்துவிட்டீர்கள். பெயாரிங் என்பது ரீல் இலேசாகச் சுழல உள்ளே வைக்கும் குண்டு வளையம். 12+1 என்றால் அதில் பன்னிரண்டு, கூடவே கைபிடி பின்னோக்கிச் சுற்றாமல் தடுக்கும் ஒன்று. பெட்டியில் 12+1 என்று அச்சடிக்க ஒரு சதமும் கூடச் செலவாகாது. எங்கே பன்னிரண்டு, எந்த உலோகம், உப்பு புகாமல் மூடியதா என்பதைப் பற்றிப் பெட்டி வாயே திறக்காது. கைபிடிக் குமிழுக்குள் இரண்டைத் திணித்தும் கணக்கை ஏற்றுவார்கள். கடலோரத்துக்கு வாங்குகிறவருக்கு ஒவ்வொரு மலிவுப் பெயாரிங்கும் உப்பு குடியேற இன்னொரு அறை.

எண்ணிக்கையை விடுங்கள். கடையிலேயே ரீலைக் கையில் எடுத்துக் கண்ணை மூடி மெதுவாகச் சுற்றுங்கள். மணல் அரைபடுவதுபோல் இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். கைபிடியை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், கடகடக்கக் கூடாது. மீன் இழுத்தால் நூலை அளவாக விட்டுக்கொடுக்கும் டிராக் திருகைப் பாதி இறுக்கி நூலை இழுங்கள். நூல் வெண்ணெய்போல் வழுக்கி வரவேண்டும், விட்டுவிட்டுத் துள்ளினால் பெரிய பாரை மீன் ஒன்று அறுத்துக்கொண்டு போகும். நூல் உரசிப்போகும் சின்ன உருளை சுழல்கிறதா என்று விரலால் தட்டிப் பாருங்கள். கரையிலிருந்து எறிய 4000 அளவு ரீல், 9 அல்லது 10 அடிக் கம்பு, 0.35 மி.மீ. தங்கூசி போதும்.

வீட்டுக்கு வந்ததும் டிராக்கை இறுக்கிவிட்டு நல்ல தண்ணீரை மெல்லத் தெளியுங்கள். குழாயைப் பாய்ச்சினால் உப்பு இன்னும் உள்ளே போகும். நிழலில் காயவைத்த பிறகு டிராக்கைத் தளர்த்துங்கள். இதெல்லாம் தெரியாத காலத்தில் நான் வாங்கிய "14 பெயாரிங்" இன்றைக்கும் வீட்டில் இருக்கிறது. மாடிக் கதவு காற்றில் அடிக்காமல் முட்டுக்கொடுக்கிறது. அதோடு வாங்கிய, இழுத்து நீட்டும் கம்போ மூன்றாவது வீச்சிலேயே நுனித்துண்டை இறாலோடு கடலுக்குள் அனுப்பிவிட்டது. மூட்டுக்குள் மணல் புகுந்தால் அந்த ரகக் கம்பு அப்படித்தான். பில்லும் கேட்டு வாங்கவில்லை. கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் சொல்வது அப்புறம்தான் தெரிந்தது.

இதுவரை பிடித்ததில்லை. காசு பிரச்சினை இல்லை. ஆக விலைகூடிய கம்பு எது?
— வாசகர், கொள்ளுப்பிட்டி

காசு பிரச்சினை இல்லாதவருக்கு நான் எதற்கு? வெறும் தண்ணீர்ப் போத்தலில் 50 மீற்றர் தங்கூசி சுற்றி, ஓர் ஈயம், ஒரு முள், ஓர் இறால் கட்டிக்கொண்டு நான்கு மாலை கரையில் நில்லுங்கள். ஐந்தாம் மாலையும் போக ஆசை இருந்தால் எழுதுங்கள்.

பதினான்கு வயது மகன் ஜூன் விடுமுறையில் மரைன் டிரைவ் கல்லுகளில் நின்று பிடிக்கப்போகிறானாம். என்ன வாங்கிக் கொடுக்க?
— ஒரு தாய், பம்பலப்பிட்டி

ஜூனில் ஒன்றும் வேண்டாம், அக்கா. மே முதல் செப்டம்பர்வரை தென்மேல் பருவக்காற்று. நம் கொழும்புப் பக்கக் கடல் அப்போது கல்லை ஏறி வரும். பத்து அலை சும்மா வந்துபோகும், பதினோராவது ஆளை இழுக்கும். டிசம்பரில் போகட்டும், பெரியவர் ஒருவரோடு. முதலில் வாங்க வேண்டியது வழுக்காத சப்பாத்து, பிறகு ஒரு மிதவை அங்கி. கம்பு கடைசி. ரயில் பாதையில் நடந்து குறுக்குவழி போவதில்லை என்று சத்தியமும் வாங்குங்கள். அலைச் சத்தத்தில் ரயில் கேட்காது.

கெளிறு மீனின் முள் குத்தினால் பொறுக்கக்கூடிய சூட்டு வெந்நீரில் காலையோ கையையோ வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகவும் சொல்லிவையுங்கள்.

பேத்தை மீன் பட்டது. தோலுரித்தால் சாப்பிடலாம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.
— வாசகர், முகத்துவாரம்

சமைத்தாலும் போகாத நஞ்சு அது. எறியுங்கள்.

மூன்று ரீல், இரண்டு கம்பு, நாற்பது பிளாஸ்டிக் மீன், ஒரு போத்தல் வாசனை எண்ணெய் எல்லாம் இருக்கிறது. இன்னும் ஒரு மீனும் படவில்லை. அடுத்து என்ன வாங்கலாம்?
— வாசகர், கல்கிசை

இறால். நூறு கிராம்.