பிரியாவிடைச் செலவை ஏற்கும் ஏஜன்ட்

கேள்வி: கொழும்பில் ஒரு அரச திணைக்களத்தில் 33 வருடமாக முகாமைத்துவ உதவியாளராக இருக்கிறேன். மூன்று மாதத்தில் 60 வயதோடு ஓய்வு. பணிக்கொடையாக ஏறத்தாழ 15 இலட்சம் வரும் என்கிறார்கள். நலன்புரிச் சங்கம் வைக்கும் பிரியாவிடையின் சாப்பாட்டுச் செலவையும் எனக்கொரு தங்கக் காசையும் ஒரு முதலீட்டு நிறுவனத்தின் பிரதிநிதி ஏற்கிறாராம். பணத்தைத் தங்களிடம் வைப்பிலிட்டால் மாதம் 4 வீத வட்டி என்கிறார். சங்கச் செயலாளருக்கு வேண்டியவர் என்பதால் முகத்தை முறிக்கவும் முடியவில்லை. என்ன செய்வது? – வாசகி, வெள்ளவத்தை

பதில்: முகத்தை முறித்துவிடுங்கள். அவரிடம் பணத்தையும் போட வேண்டாம், அவருடைய காசையும் வாங்க வேண்டாம்.

மாதம் 4 வீதம் என்றால் வருடத்துக்கு 48 வீதம். காலி வீதி நெடுக உள்ள வங்கிகளில் ஏறி இறங்கிப் பாருங்கள், இன்றைய நிலையில் அதில் கால்வாசி கூடத் தர மாட்டார்கள். இவர் மட்டும் எங்கிருந்து கொடுப்பார்? உங்களுக்கு அடுத்து ஓய்வுபெறப் போகிறவரின் பணத்திலிருந்துதான். முதல் ஆறேழு மாதம் வட்டி ஒழுங்காக வரும். அதை நம்பி நீங்களே இன்னும் இரண்டு பேரைக் கூட்டிப்போவீர்கள். அந்த இரண்டு பேருக்காகத்தான் தங்கக் காசு.

நீங்கள் எப்போது ஓய்வுபெறுகிறீர்கள், எவ்வளவு கிடைக்கும் என்பது வெளியாளுக்கு எப்படித் தெரிந்தது? இதை உங்கள் செயலாளரிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறுவார்.

2008 டிசம்பரில் கோல்டன் கீ விழுந்தபோது என்ன நடந்தது என்று உங்கள் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். அது கடனட்டை நிறுவனம். வைப்புப் பணம் வாங்க மத்திய வங்கியின் அனுமதியே அதற்கு இருக்கவில்லை. பெரிய குழுமத்தின் பெயர் பின்னால் இருந்ததால் யாரும் கேட்கவில்லை. 2011 ஆம் ஆண்டின் 42 ஆம் இலக்க நிதித்தொழில் சட்டம் அனுமதியில்லாமல் வைப்புப் பெறுவதைத் தடை செய்கிறது. ஆனாலும் சட்டம் ஆள் பிடிப்பதற்குள் அலுவலகத்துக்குப் பூட்டு விழுந்துவிடுகிறது.

ஆகவே நீங்களே பாருங்கள். வைப்புப் பெற அனுமதியுள்ள வங்கிகள், நிதி நிறுவனங்களின் பட்டியலை மத்திய வங்கி தன் இணையத்தளத்தில் வெளியிடுகிறது. தெரியாவிட்டால் பிள்ளையிடம் சொல்லித் தேடுங்கள். பெயர் எழுத்துக்கு எழுத்துச் சரியாக இருக்க வேண்டும். ஏஜன்ட் கண்ணாடிச் சட்டகத்தில் போட்டுக் காட்டும் வியாபாரப் பதிவுச் சான்றிதழ் வைப்பு அனுமதி அல்ல. பலசரக்குக் கடைக்கும் அது உண்டு. லீசிங் அனுமதி மட்டும் உள்ள நிறுவனமும் வைப்புப் பெற முடியாது.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு, கொஞ்சம் விளக்கியே சொல்கிறேன். கூட்டுறவுச் சங்கங்களும் அவற்றின் கிராமிய வங்கிகளும் தங்கள் அங்கத்தவர்களிடம் வைப்புப் பெறலாம், சட்டப்படி அது குற்றமில்லை. ஆனால் அவை மத்திய வங்கியின் மேற்பார்வையில் இல்லை, கூட்டுறவுத் திணைக்களத்தின் கீழ் வருகின்றன. அதனால் பட்டியலில் பெயர் இருக்காது. இந்த இடைவெளியைத்தான் சிலர் பிடித்துக்கொள்கிறார்கள். "எங்களுடையது கூட்டுறவு மாதிரித்தான், அதனால்தான் பட்டியலில் இல்லை" என்பார்கள். கூட்டுறவு "மாதிரி" என்று ஒன்று கிடையாது. பதிவிலக்கம் கேளுங்கள், ஆணையாளர் அலுவலகத்தில் விசாரியுங்கள். உண்மையான சங்கமாகவே இருந்தாலும், ஓய்வுக்காலப் பணம் முழுவதையும் அங்கே வைக்கச் சொல்ல மாட்டேன்.

அனுமதி இருந்தால் மட்டும் கண்ணை மூடிக்கொள்ளலாமா? முடியாது. அனுமதி பெற்ற ஈ.டி.ஐ. பினான்ஸ் 2020 இல் அனுமதியை இழந்தது. நிறுவனம் விழுந்தால் கிடைக்கும் வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் வரைதான். ஒரே நிறுவனத்தின் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, புறக்கோட்டைக் கிளைகளில் தனித்தனியாகப் போட்டாலும் கணக்கு ஒன்றுதான். தேசிய சேமிப்பு வங்கி மட்டும் வேறு, அதன் வைப்புகளுக்கு 1971 ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசாங்கத்தின் முழு உத்தரவாதம் உண்டு. பெரும்பகுதியை அங்கே வைத்து, மருந்து மாத்திரைக்கும் அவசரத்துக்கும் இரண்டு மூன்று இலட்சத்தைச் சாதாரண சேமிப்புக் கணக்கில் விட்டுவிடுங்கள். 60 வயதைக் கடந்தவர்களின் ஒரு வருட நிலையான வைப்புக்கு, 10 இலட்சம் வரை, 3 வீத மேலதிக வட்டி 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. கவுண்டரில் தாமாகச் சொல்ல மாட்டார்கள், கேட்டு வாங்க வேண்டும்.

அப்புறம், பணிக்கொடை அரசாங்கம் தரும் இனாம் இல்லை. உங்கள் ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை முன்கூட்டித் தந்துவிட்டு, பத்து வருடத்துக்கு மாதாமாதம் குறைத்துத் தருகிறார்கள். ஏஜன்டிடம் அது போனால், போன பணத்துக்கு எழுபது வயது வரை கழிவு மட்டும் நடந்துகொண்டிருக்கும்.

பரிசுக்கு வருகிறேன். கூட வேலை செய்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் சேர்த்துத் தருவதை மனதாரப் பெற்றுக்கொள்ளுங்கள், அது நம் அலுவலகங்களின் வழக்கம். வெளியாளின் தங்கக் காசு வேறு விடயம். பிரியாவிடை நாளிலும் நீங்கள் அரச உத்தியோகத்தர்தான். பெறுமதியான அன்பளிப்புகளை அரச ஊழியருக்கான தாபன விதிக்கோவை தடுக்கிறது. சாப்பாடு புரியாணிப் பொட்டலமாக இருந்தாலும் பரவாயில்லை, சங்கத்தின் காசிலேயே நடக்கட்டும் என்று செயலாளருக்கு எழுத்தில் கொடுங்கள். வாய்ப்பேச்சு மறுநாள் மாறிவிடும்.

இந்த ஏஜன்டுகளுக்கு இடம் கொடுப்பதே நம் நிர்வாகம்தான். 2022 நெருக்கடியில் ஓய்வுபெற்றவர்கள் பணிக்கொடைக்காக மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், அடையாள அட்டையில் இன்னொரு விதம் என்று பெயர் இருந்துவிட்டால், தமிழ் உத்தியோகத்தர் பாடு சொல்லவே வேண்டாம். 33 வருடம் சம்பளம் கொடுத்தபோது வராத சந்தேகம் கடைசி மாதத்தில் வருகிறது! அந்த நேரம் பார்த்து, "மாளிகாவத்தை ஓய்வூதியத் திணைக்களத்தில் ஆள் இருக்கிறது, கோப்பை நகர்த்தித் தருகிறேன்" என்று ஒருவர் வருவார். ஒரு சதமும் கொடுக்காதீர்கள். ஓய்வூதியத் திணைக்களத்தை 1970 என்ற இலக்கத்தில் நேரடியாகக் கேளுங்கள். பெயர்த் திருத்தத்துக்கான சத்தியக்கடதாசியை இந்த மூன்று மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். காத்திருக்கும் காலத்துக்கென்று "முற்பணம்" தருபவரிடம் வெற்றுக் காசோலையில் கையெழுத்து வைக்காதீர்கள்.

கடைசியாக, வட்டியில் 2025 ஏப்ரலிலிருந்து 10 வீதம் வரியாகப் பிடிக்கிறார்கள். வருட வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாதவர்கள் வங்கியில் சுயபிரகடனம் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். வைப்பைத் திறக்கும் அன்றே அந்தப் படிவத்தையும் கேட்டு நிரப்பிக் கொடுங்கள்.